சைக்கிள் செய்த ஊரும், சைக்கிளுக்கு வழி போட்ட நாடும்

சுவிட்சர்லாந்து என்றதும் நம்மவர்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பனிமலை, சாக்லேட், கைக்கடிகாரம், கறுப்புப் பணம். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் வரும்: குளிரில் நடுங்கிக்கொண்டே மெல்லிய சேலையில் ஆடும் கதாநாயகி!

அதிகம் பேர் அறியாத இன்னொரு விஷயமும் அந்த நாட்டில் உண்டு. ஊர் ஊராக, முச்சந்திக்கு முச்சந்தி நிற்கும் சின்னச் சிவப்புப் பலகைகள். பலகையில் ஒரு சைக்கிள் படம், அடுத்த ஊரின் பெயர், ஒரு எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். கையில் வரைபடம் இல்லாமலே நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு சைக்கிளில் போய்ச் சேரலாம்.

1998-ல் இப்படி ஒன்பது தேசிய சைக்கிள் வழிகளை அந்த நாடு திறந்தது. மொத்த நீளம் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். பரப்பளவில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான நாடு அது. அதிலும் பாதிக்கு மேல் ஆல்ப்ஸ் மலை. மலைநாட்டுக்கு சைக்கிள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

1-ஆம் எண் வழி ரோன் நதியோடு போகிறது. ஆண்டர்மட் என்ற மலையூரில் தொடங்கி, 2,429 மீட்டர் உயரமுள்ள ஃபுர்கா கணவாயைத் தாண்டி, நதி பிறக்கும் பனியாற்றின் பக்கமாக இறங்கி, திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஜெனீவா ஏரிக்கரையில் போய் முடிகிறது. 2-ஆம் எண் வழியும் அதே ஆண்டர்மட்டில்தான் தொடங்குகிறது. அது ஓபரால்ப் கணவாயைக் கடந்து ரைன் நதியைப் பிடித்துக்கொண்டு, நதி அருவியாக விழும் ஷாஃப்ஹவுசன் வழியாக பாசெல் நகரம் வரை போகும். ஏரிகளை விரும்புகிறவர்களுக்கு 9-ஆம் எண் உண்டு. ஏரிகளின் வழி என்றே அதற்குப் பெயர். மோந்த்ரோவில் தொடங்கி இண்டர்லாக்கன், லூசெர்ன் என்று ஒவ்வொரு ஏரியாகத் தொட்டுக்கொண்டு நாட்டின் வடகிழக்கில் உள்ள ரோர்ஷாக் போய்ச் சேரும்.

அது சரி, இதற்கும் நம்ம அம்பத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் ஏறி மிதித்த சைக்கிள்கள் பிறந்த ஊர்களில் ஒன்று அம்பத்தூர். அப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் படம் போட்ட ஒரு வழிகாட்டிப் பலகையைத் தேடினால் கிடைக்காது. ஏன் இப்படி ஆனது? அதைத் தெரிந்துகொள்ள முக்கால் நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

பர்மிங்காமிலிருந்து அம்பத்தூருக்கு

சுதந்திரத்துக்கு முன்பு இந்தியாவில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று எல்லாமே வெள்ளைக்காரப் பெயர்கள். சைக்கிள் வைத்திருப்பவர் ஊரில் ஒரு பெரிய மனிதர். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சீராக சைக்கிள் கொடுத்த காலம் அது.

சுதந்திரம் வந்ததும் நிலைமை மாறியது. வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்வதைக் குறைத்து உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது புதிய அரசின் கொள்கை. இங்கிலாந்து கம்பெனிகளுக்கு அப்போது இரண்டே வழிதான். ஒன்று, இந்தியச் சந்தையை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் இங்கேயே வந்து, இந்தியக் கூட்டாளியோடு சேர்ந்து தொழிற்சாலை போட வேண்டும்.

அந்தக் கூட்டாளி பள்ளத்தூரிலிருந்து வந்தார். முருகப்பா குடும்பம் செட்டிநாட்டு நகரத்தார் குடும்பம். பர்மாவில் லேவாதேவித் தொழில் செய்து வளர்ந்தவர்கள். 1930-களில், ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வருவதற்கு முன்பே, தொழிலை மெல்ல மெல்ல இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். கடன் கொடுத்து வட்டி வாங்கிய குடும்பம் ஆலை முதலாளிகளாக மாறிய கதை அது. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு அவர்கள் கை கோத்ததில் 1949-ல் பிறந்ததுதான் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா. 'டி.ஐ.' என்பது அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம்தான். அதன் தலைவராக இருந்தவர் சர் ஐவன் ஸ்டெட்போர்டு. இந்தப் பெயரை அம்பத்தூர்க்காரர்கள் தினமும் சொல்கிறார்கள், ஆனால் ஆள் யாரென்று பலருக்குத் தெரியாது. அம்பத்தூரில் இருக்கும் ஸ்டெட்போர்டு ஆஸ்பத்திரி அவர் பெயரில் உள்ளதுதான்!

தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் எம்.டி.எச். ரோடு, அதாவது மெட்ராஸ்–திருவள்ளூர் நெடுஞ்சாலை. பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இந்த வழியாகத்தான். அன்றைய அம்பத்தூர் ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த கிராமம். அங்கிருந்துதான் ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வெளியே வரத் தொடங்கின.

இங்கே பெயர்களின் கதையையும் சொல்ல வேண்டும். ஹெர்குலிஸ் 1910-ல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி. 1930-களில் உலகின் மிகப் பெரிய சைக்கிள் நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது. 1946-ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் அதை வாங்கியது. பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. 1861-ல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. அதன் சின்னத்தில்கூட மூன்று துப்பாக்கிகள்தான் இருக்கும். குழந்தைகள் ஓட்டும் பி.எஸ்.ஏ. சைக்கிளுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கிக் கம்பெனி!

பிறகு காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள். இங்கிலாந்தில் அந்தப் பழைய சைக்கிள் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ராலேயின் நாட்டிங்காம் தொழிற்சாலைகூட 2002-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் பர்மிங்காமில் பிறந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் அம்பத்தூர்க்காரர்கள் கையால் அதற்குப் பிறகும் வாழ்ந்தன.

ஊரே ஒரு சைக்கிள்

சைக்கிள் என்பது ஒரே பொருள் போலத் தெரியும். பிரித்துப் போட்டால் நூற்றுக்கணக்கான பாகங்கள். ஒரு ஆலை வந்தால் அதன் பின்னாலேயே பத்து ஆலை வரும் என்பதற்கு அம்பத்தூர் நல்ல உதாரணம்.

ஃபிரேமுக்குக் குழாய் வேண்டும். 1955-ல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. செயின் வேண்டும். 1960-ல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. டயமண்ட் செயின் வந்தது. (ரைட் சகோதரர்கள் 1903-ல் பறக்கவிட்ட முதல் விமானத்தில் சுழன்றது அந்த டயமண்ட் கம்பெனியின் செயின்தான். ரைட் சகோதரர்களே சைக்கிள் கடைக்காரர்கள்தானே!) இருட்டில் போக விளக்கு வேண்டும். அதற்கு டி.ஐ. மில்லர் டைனமோ. சக்கரத்தில் உரசி 'உர்ர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டே எரியும் அந்த விளக்கைப் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. அதற்கு முன்பே, 1961-ல், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்துவிட்டது. அங்கிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ஒரே ரோட்டில் ஒரு பக்கம் இந்தியாவின் மிக எளிய வண்டி, சில மைல் தள்ளி மிகக் கனமான வண்டி. இரண்டுக்கும் வேலைக்குப் போனவர்கள் போனது பெரும்பாலும் சைக்கிளில்தான்.

கேரியரில் சோற்று டப்பா

அந்த நாட்களில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் எம்.டி.எச். ரோடு முழுக்க சைக்கிள்தான். கேரியரில் சோற்று டப்பா, ஹேண்டில்பாரில் மாட்டிய பை. கொரட்டூர், திருமுல்லைவாயில், அயப்பாக்கம், திருவேற்காடு என்று நாலா பக்கமும் பிரிந்து போவார்கள். பால்காரர், தபால்காரர், இட்லி விற்பவர், சோடா கம்பெனிக்காரர் எல்லோருக்கும் அதுதான் வாகனம். சைக்கிள் இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை. பையன்கள் பெரிய சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும் அந்த வாடகை சைக்கிளில்தான்.

அரசாங்கமும் சைக்கிளைப் பொருட்டாக மதித்தது. எப்படி? வரி போட்டு! நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் சைக்கிள் வரி கட்ட வேண்டும். கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள். வண்டியில் வில்லை இல்லாவிட்டால் பிடிப்பார்கள். விளக்கு இல்லாவிட்டாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும். வரி வாங்கினார்கள், அபராதம் வாங்கினார்கள். ஆனால் அந்தப் பணத்துக்கு ஈடாக சைக்கிளுக்கென்று ஒரு தனித்தடம் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கான அவசியமும் அப்போது தெரிந்திருக்காது. ரோட்டில் ஒரு பஸ், இரண்டு லாரி, ஒரு அம்பாசிடர். மீதியெல்லாம் சைக்கிள். ரோடே சைக்கிள் பாதைதான்!

1970-ல் சென்னைப் பெருநகரில் மக்கள் மேற்கொண்ட பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது. 2008-ல் எடுத்த கணக்கில் அது சுமார் 6 சதவீதம். நடுவில் என்ன நடந்தது?

நடந்தது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். மிதிக்க வேண்டாம், பெட்ரோலும் அதிகம் குடிக்காது. வங்கிக் கடனும் தவணையும் வந்தன. வெயிலில் பத்து கிலோமீட்டர் மிதித்து வேலைக்குப் போய், எட்டு மணி நேரம் மெஷினில் நின்று, திரும்பவும் பத்து கிலோமீட்டர் மிதித்தவர் ஒரு மொபெட் வாங்கினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? சைக்கிளை விடுவது அவருக்கு ஒரு படி ஏறுவது. அடுத்த தலைமுறை பைக் வாங்கியது, அதற்கடுத்தது கார் வாங்கியது.

சைக்கிள் கம்பெனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சந்தை மாறுவது தெரிந்து பொருளை மாற்றினார்கள். பார வண்டியாக இருந்த சைக்கிள் மெலிந்து பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். ஆனது. குழந்தைகளுக்கு சாம்ப், பெண்களுக்கு லேடிபேர்ட், இளைஞர்களுக்குத் தடித்த டயர் போட்ட ஹெர்குலிஸ் எம்.டி.பி. இந்த 'எம்.டி.பி.' என்ற எழுத்துகளின் பொருள் மலைச் சைக்கிள் என்பது. மேடே இல்லாத அம்பத்தூரில் மலைச் சைக்கிள் செய்து விற்றார்கள்!

ஆனால் பொருளாதாரப் பாடத்தில் படிக்கும் ஒரு விஷயம் இங்கே இடிக்கிறது. சில பண்டங்கள் தனியாக உதவாது, ஜோடியாகத்தான் உதவும். பேனாவுக்கு மை, அடுப்புக்கு எரிவாயு. சைக்கிளுக்கு ஜோடி, பயமில்லாமல் ஓட்டக்கூடிய பாதை. சைக்கிளைக் கம்பெனி செய்யும். பாதையைக் கம்பெனி செய்ய முடியாது, அது அரசின் கையில் இருக்கிறது. அம்பத்தூரில் ஜோடியின் ஒரு பாதி லட்சக்கணக்கில் உற்பத்தியானது. மறு பாதி உற்பத்தியாகவே இல்லை.

அங்கே மட்டும் எப்படி?

சுவிட்சர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் சைக்கிள் முதலில் வேலைக்கான வண்டிதான். ஏன், ராணுவத்துக்கான வண்டி! 1891-ல் அந்த நாட்டு ராணுவத்தில் சைக்கிள் படை ஒன்று தொடங்கினார்கள். 1905-ல் அதற்கென்றே ஒரு சைக்கிளை வடிவமைத்தார்கள். எடை 20 கிலோவுக்கு மேல், கியர் கிடையாது. அதில் மூட்டை முடிச்சோடு மலை ஏறினார்கள் வீரர்கள். 2003-ல்தான் அந்தப் படையைக் கலைத்தார்கள்.

உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார் வந்தது, நெடுஞ்சாலைகள் வந்தன, மலையைக் குடைந்து சுரங்கப் பாதைகள் வந்தன. நம் ஊரில் நடந்ததுதான், இன்னும் சீக்கிரமாகவே நடந்தது. வித்தியாசம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

கோத்தார்டு கணவாயை எடுத்துக்கொள்ளலாம். வடக்கு ஐரோப்பாவையும் இத்தாலியையும் இணைக்கும் பழைய வழி அது. 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1882-ல் மலைக்குள் ரயில் சுரங்கம் திறந்தார்கள். 1980-ல் கார்களுக்கும் சுரங்கம் திறந்தார்கள். அதன் பிறகு அவசரக்காரர்கள் எல்லாம் சுரங்கத்துக்குள் போய்விட்டார்கள். மேலே, கொண்டை ஊசி வளைவுகளோடு கருங்கல் பாவிய பழைய ரோடு சும்மா கிடந்தது. அதை அப்படியே அழியவிடாமல் பராமரித்தார்கள். இன்று கோத்தார்டில் சைக்கிள் ஓட்டுபவர்கள் தேடிப் போய் ஏறுவது அந்தக் கருங்கல் ரோட்டில்தான். பாசெலிலிருந்து இத்தாலி எல்லை வரை போகும் 3-ஆம் எண் வழியும் அந்தக் கணவாயைத்தான் கடக்கிறது.

ஒன்பது வழிகளின் ரகசியமும் இதுதான். 3,300 கிலோமீட்டர் ரோட்டைப் புதிதாகப் போடவில்லை. ஏற்கெனவே இருந்த கிராமச் சாலை, வயல்காட்டு வண்டிப்பாதை, ஆற்றங்கரை, கைவிட்ட பழைய ரோடு ஆகியவற்றைக் கோத்துப் பலகை நட்டார்கள். விட்டுப்போன இடத்தில் மட்டும் துண்டு போட்டார்கள். ரயிலில் சைக்கிளுக்கும் டிக்கெட் எடுத்து ஏற்றிக்கொள்ளலாம் என்பதால், முடியாதவர்கள் மலை ஏறும் பகுதியை ரயிலில் தாண்டிவிடலாம்.

அதோடு விடவில்லை. 1979-ல் நடைபாதைகளையும் மலையேற்றப் பாதைகளையும் காப்பது அரசின் கடமை என்று மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். 2018 செப்டம்பர் 23 அன்று சைக்கிள் பாதைகளையும் அதே பிரிவில் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 73.6 சதவீதம் பேர் சேர்க்கலாம் என்றார்கள். அதற்கான சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடப்பவருக்குக் கிடைத்த உரிமை மிதிப்பவருக்குக் கிடைக்க அங்கேயும் 39 வருடம் ஆகியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எதுவும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை.

நம் பக்கமும் வழி இருக்கிறது

பனிமலை நம்மிடம் இல்லை. ஆனால் மேற்குச் சென்னையில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் ரயில் ஜன்னலைத் தாண்டிப் பார்க்காதவர்கள்.

அம்பத்தூரிலிருந்து பூண்டி வரை சுமார் 40 கிலோமீட்டர். முதலில் திருமுல்லைவாயில். தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகத் தலபுராணம் சொல்லும் மாசிலாமணீஸ்வரர் கோயில் இங்கே இருக்கிறது. அடுத்து ஆவடி. 1955 ஜனவரியில் நேரு முன்னிலையில், சோஷலிச பாணி சமுதாயம்தான் லட்சியம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்ட ஊர். பட்டாபிராம் தாண்டினால் திருநின்றவூர். பிறகு வயல்களும் செங்கல் சூளைகளும் கடந்து வீரராகவப் பெருமாள் இருக்கும் திருவள்ளூர்.

அங்கிருந்து வடமேற்கே பூண்டி. 1939-ல் சென்னை மேயரான தீரர் சத்தியமூர்த்தி நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சம் தீரப் போராடிப் பெற்ற நீர்த்தேக்கம் அது. 1944-ல் வேலை முடிந்தது. பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை. 1943-லேயே இறந்துவிட்டார். அவர் பெயர்தான் ஏரிக்கு. பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கால மனிதனின் கல்லாயுதங்களைக் கண்டெடுத்த இடம். அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. ரோன் நதிக்கரையில்கூட இவ்வளவு பழைய சரக்கு கிடைக்குமா என்பது சந்தேகம்தான்!

இன்னொரு வழி தெற்கே போகிறது. ஆவடியில் 2019-ல் சீரமைத்துத் திறந்த பருத்திப்பட்டு ஏரியில் தொடங்கலாம். பூந்தமல்லி சாலையில் போய், கொஞ்சம் ஒதுங்கி திருவேற்காடு கருமாரியம்மனைப் பார்த்துவிட்டு, பூந்தமல்லி சேரலாம். ராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் பூந்தமல்லி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. விடியற்காலையில் போனால் ஏரிக்கு மேலே சூரியன் வருவதைப் பார்க்கலாம்.

இந்த வழிகள் ஊருக்குப் புதிதும் இல்லை. புரட்டாசியில் திருப்பதி திருக்குடை ஊர்வலம் சென்னையிலிருந்து கிளம்பி வில்லிவாக்கம், பாடி, அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று இதே வழியாகத்தான் போகிறது. எங்கே தங்கும், எங்கே மோர் கொடுப்பார்கள் என்று ஊருக்கே மனப்பாடம். பலகை இல்லாமலே தலைமுறை தலைமுறையாக ஒரு வழியைக் காப்பாற்றத் தெரிந்த ஜனங்கள்தான் நாம். அந்த வழியில் ஒரு சைக்கிளை விட்டால்தான் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் அது சிக்கிக்கொள்கிறது.

யாருக்காக?

விடுமுறை நாளில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு விலை உயர்ந்த சைக்கிளில் போகிற நாலு பேருக்காக இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். அவர்களுக்காக மட்டும் என்றால் இவ்வளவு பேசத் தேவையில்லை. அவர்கள் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போய் நல்ல ரோடு பார்த்து இறக்கி ஓட்டிக்கொள்வார்கள்.

தொழிற்பேட்டைக்கு இன்றும் சைக்கிளில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பஸ் செலவை மிச்சம் பிடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிகள், ஒரே அறையில் பலராகத் தங்கி வேலை பார்க்கும் வடமாநில இளைஞர்கள். அவர்களைவிட முக்கியமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சைக்கிள் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டியது தமிழ்நாடு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னால் நின்றார். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள்கூட சைக்கிள் ஏறினார்கள். 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய தமிழக அரசு, சில ஆண்டுகளில் அதை மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கியது. 2006-ல் பீகார் இதேபோல மாணவியருக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்து கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியது. படிப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் வெறும் தூரம்தான் என்று அதிலிருந்து தெரிந்தது.

சைக்கிளைக் கொடுத்தாயிற்று. அதை ஓட்டிக்கொண்டு எம்.டி.எச். ரோட்டில் இறங்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பாதை எங்கே? கொடுத்த சைக்கிள் ரோட்டுக்குப் பயந்து வீட்டு வாசலில் துருப்பிடித்தால் அது யார் நஷ்டம்? கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

நல்ல எண்ணம் இல்லாமலும் இல்லை. 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிட வேண்டும் என்றது அந்தக் கொள்கை. இந்திய நகரங்களில் இப்படி முதலில் சொன்னது சென்னைதான். 2011-லேயே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட அம்பத்தூருக்கும் அது பொருந்தும். நகரத்தின் நடுவில் சில ரோடுகளில் நடைபாதைகள் அகலமாயின. அம்பத்தூர் ரோட்டில் சைக்கிள்காரர் இன்னும் ஓரத்து மணலில்தான் ஓட்டுகிறார்.

திருநின்றவூர் என்றதும் பூசலார் நாயனார் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. கோயில் கட்டக் கையில் காசில்லை. அதனால் மனசுக்குள்ளேயே அடித்தளம் போட்டு, தூண் நிறுத்தி, விமானம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் கல்லால் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த அரசனிடம், நாளை மாற்றிக்கொள் என்று சிவனே கனவில் வந்து சொன்னாராம். மனக்கோயிலுக்கு அவ்வளவு மதிப்பு.

அம்பத்தூர் சைக்கிள் பாதையும் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது. கொள்கை இருக்கிறது, வழி இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது. எல்லாம் மனசுக்குள்ளும் காகிதத்திலும் இருக்கிறது. சிவபெருமான் மனக்கோயிலில் குடியேறிவிடுவார். பள்ளிக்கூடம் போகும் பெண் மனப்பாதையில் சைக்கிள் ஓட்ட முடியாதே!

சுவிட்சர்லாந்துக்காரர்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இருந்த வழியைத் தேடிப் பிடித்து, ஒரு பலகை நட்டு, அது அழியாமல் பார்த்துக்கொண்டார்கள். எழுபது வருடத்துக்கும் மேலாக சைக்கிளோடு வாழ்ந்த ஊருக்கு ஒரு சிவப்புப் பலகை பெரிய செலவா என்ன?